இங்கிலாந்துல கிரிமினல் பாரிஸ்டர் ஆகணுமா? எங்க ஆரம்பிக்கணும், முதல் ரெண்டு மூணு வருஷம் எப்படிப் போகும்

கிரிமினல் டிஃபென்ஸ் பாரிஸ்டர் ஆகணும்னு கேக்குறவங்க பெரும்பாலும் ரெண்டு வகை. இங்கயே பிறந்து வளர்ந்து ஏ லெவல் முடிக்கப்போற பிள்ளைங்க ஒரு பக்கம், ஊர்ல பி.எல். முடிச்சு ஒரு சீனியர்கிட்ட ரெண்டு மூணு வருஷம் கட்டு தூக்கிட்டு இங்க வர நினைக்கிறவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதறேன், வேண்டாத பகுதிய தாண்டிப் போயிடுங்க. நான் சொல்றது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும், ஸ்காட்லாந்துல சட்டமும் வேற கோர்ட்டும் வேற.

வக்கீல்னா இங்க ரெண்டு பிரிவு. ராத்திரி ரெண்டு மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுறது, கட்சிக்காரர் ஃபைல நடத்துறது, லீகல் எய்டு (வக்கீல் செலவுக்கு அரசு தர்ற உதவி) ஃபாரம் போடுறது இதெல்லாம் சொலிசிட்டர். கோர்ட்ல எழுந்து பேசுறது முக்கியமா பாரிஸ்டர். கட்சிக்காரர் நேரா உங்ககிட்ட வர்றது அபூர்வம், சொலிசிட்டர்தான் கேஸ அனுப்புவாங்க, அதத்தான் ப்ரீஃப்னு சொல்றாங்க. நீங்க யார்கிட்டயும் சம்பளத்துக்கு இருக்கிற ஆள் கிடையாது, சுயதொழில்தான். அந்த மாதிரி பல பேர் சேர்ந்து வாடகை, ஆபீஸ் செலவு எல்லாத்தையும் பங்கு போட்டுக்கிற இடம்தான் சேம்பர்ஸ். இன்னொண்ணு, கேசி (கிங்ஸ் கவுன்சல்) பட்டம் வாங்காத எல்லாருமே இங்க ஜூனியர்தான், முப்பது வருஷம் ப்ராக்டிஸ் பண்ணவர் கூட. நான் பேசப்போறது அந்த ஜூனியர்கள்லயே கடைக்குட்டிங்களப் பத்தி.

முதல்ல போய் உக்காந்து பாருங்க

ஒரு பைசா செலவழிக்கிறதுக்கு முன்னாடி இத பண்ணிடுங்க. கோர்ட் பொதுவா எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. பப்ளிக் கேலரின்னு கேட்டுட்டு உள்ள போயிடலாம், யாரும் ஏன் வந்தேன்னு கேக்க மாட்டாங்க. எல்லாரும் முதல்ல லண்டன்ல இருக்கிற பெரிய கிரிமினல் கோர்ட்டான ஓல்ட் பெய்லிக்குதான் ஓடுவாங்க, போங்க, ஆனா அங்க கேலரிக்கு போன், பை எதுவும் கொண்டு போக முடியாது, அவங்களும் வாங்கி வெச்சுக்க மாட்டாங்க, வீட்டுலயே வெச்சிட்டுப் போறது நல்லது. என்னைக் கேட்டா ஓல்ட் பெய்லிய விட சின்ன கேஸ் நடக்கிற உங்க பக்கத்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயும், பெரிய கேஸ் ஜூரி முன்னாடி நடக்கிற ஸ்நேர்ஸ்ப்ரூக் மாதிரி ஒரு க்ரவுன் கோர்ட்லயும் ரெண்டு நாள் உக்காருங்க. ஸ்நேர்ஸ்ப்ரூக் ஒரு காலத்துல அநாதைப் பிள்ளைங்க விடுதியா இருந்த கட்டடம், பக்கத்துலயே ஏரி, வெளிய இருந்து பாத்தா அரண்மனை மாதிரி இருக்கும், உள்ள போனா காத்திருப்புதான். காலைல பத்து மணிக்கு வந்த கேஸ் மூணு மணி வரைக்கும் கூப்பிடாம கிடக்கும், ஜெயில்ல இருந்து வேன் வரல, இன்டர்ப்ரெட்டர் வரல, டிவி வேலை செய்யல, கடைசில வாய்தா. இந்த காத்திருப்பு உங்களுக்கு ஒத்துவருமான்னு பாக்கத்தான் போகச் சொல்றேன். சினிமால பாத்த வாதம் நாள்ல இருபது நிமிஷம்தான் நடக்கும்.

படிப்பு, அதுக்கான காசு

சட்டத்துல டிகிரி, இல்ல வேற டிகிரி முடிச்சிட்டு ஒரு வருஷ கன்வர்ஷன் கோர்ஸ், எதுவா இருந்தாலும் சரி. டிகிரில விதிப்படி 2:2 கிரேடு போதும், நடைமுறைல அதுக்கு மேல உள்ள 2:1 இல்லாம நல்ல சேம்பர்ஸ்ல கதவு திறக்கிறது கஷ்டம். அதுக்கப்புறம் பாரிஸ்டருக்கான தொழிற்படிப்பு, பார் கோர்ஸ், இதுக்குத்தான் காசு பறக்கும், எங்க படிக்கிறீங்கங்கிறத பொறுத்து சுமார் 13,000 பவுண்டுல இருந்து 20,000 வரைக்கும். அதனால படிப்பை ரெண்டு பாகமா பிரிச்சு நடத்துற இடங்கள பாருங்க, முதல் பாகம் வீட்டுல இருந்தே படிச்சு எழுதலாம், பாஸ் ஆனா மட்டும் அடுத்த பாகத்துக்கு பெரிய காசு கட்டுனா போதும்.

பார் கோர்ஸுக்கு முன்னாடி நாலு 'இன்'ல, அதாவது பாரிஸ்டருங்களோட பழைய சங்கங்கள்ல, ஒண்ணுல சேரணும்: லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். காந்தி இன்னர் டெம்பிள், அம்பேத்கர் கிரேஸ் இன். உங்க தாத்தா எதைப் பத்தி பெருமையா பேசுனாரோ அதுல சேராதீங்க, ஸ்காலர்ஷிப் எதுல கிடைக்கும்னு பாத்து சேருங்க. நாலு இன்னும் சேர்ந்து வருஷத்துக்கு லட்சக்கணக்குல பவுண்டு ஸ்காலர்ஷிப்பா தர்றாங்க, ஒரு வருஷத்துல ஒரே இன்னுக்குதான் விண்ணப்பிக்க முடியும், கடைசி தேதி நவம்பர் தொடக்கத்துல வந்துடும், அதாவது கோர்ஸ் ஆரம்பிக்கிறதுக்கு பத்து மாசம் முன்னாடியே. நம்ம பிள்ளைங்க நிறைய பேர் இந்த தேதிய கோட்டை விட்டுட்டு முழுசா கடன் வாங்கி படிக்கிறாங்க, வயிறு எரியுது. இன்னுல பத்து செஷன் முடிக்கணும், சிலது பயிற்சி, சிலது கறுப்பு கவுன் போட்டுக்கிட்டு நீள மேஜைல உக்காந்து சாப்பிடுற டின்னர். சைவம்னு முன்னாடியே சொல்லிடுங்க, செஞ்சு தருவாங்க. அப்புறம்தான் 'கால் டு தி பார்', அதாவது உங்களை பாரிஸ்டரா சேத்துக்கிற சடங்கு. அதோட உங்க பேருக்கு பின்னாடி பாரிஸ்டர்னு போட்டுக்கலாமே தவிர கோர்ட்ல பேச முடியாது, அதுக்கு பியூப்பிலேஜ், அதாவது சேம்பர்ஸ்ல ஒரு வருஷப் பயிற்சி வேணும்.

பியூப்பிலேஜ், இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க

வருஷத்துக்கு பார் கோர்ஸ்ல சேர்றவங்க ரெண்டாயிரம் பேர் பக்கம், பியூப்பிலேஜ் இடம் எல்லா துறையும் சேர்த்து ஐநூறு அறுநூறு. அதனால பல பேர் ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணித்தான் உள்ள வர்றாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. கேட்வேன்னு ஒரு பொது ஆன்லைன் விண்ணப்பம் இருக்கு, அதுல இருபது சேம்பர்ஸுக்கு போடலாம், குளிர்காலத்துல போட்டு, வசந்தத்துல இன்டர்வியூ முடிச்சு, மே மாசம் பதில் வரும்.

விண்ணப்பத்துல, சி.வி.ல என்ன எழுதணும்? மினி பியூப்பிலேஜ் ரெண்டு மூணு, அதாவது ஒரு பாரிஸ்டர் கூடவே சில நாள் சுத்துறது, அது இல்லாம சரிவராது. காலேஜ்ல மூட் போட்டி, அதாவது கற்பனை கேஸ்ல வாதாடுறது, சரி. ஆனா நான் யாருக்கும் முதல்ல சொல்றது அப்ரோப்ரியேட் அடல்ட் வேலைக்கு வாலண்டியரா போங்கங்கிறதுதான். பதினெட்டு வயசுக்கு கீழ உள்ள பிள்ளையையோ மனநலம் சரியில்லாதவரையோ போலீஸ் விசாரிக்கும்போது பக்கத்துல ஒரு பொது ஆள் உக்காரணும்னு சட்டம் இருக்கு, அந்த ஆள் நீங்களா இருக்கலாம், அதுக்கு பயிற்சியும் தருவாங்க. ஸ்டேஷன்ல கைதிங்களுக்குப் பொறுப்பான கஸ்டடி சார்ஜென்ட் எப்படி பேசுறார், பதினஞ்சு வயசுப் பையன் ஒரு கேள்விக்கு பயந்துகிட்டு எப்படி ஆமான்னு தலையாட்டுறான், இதெல்லாம் நேர்ல பாத்த ஆள் இன்டர்வியூல பேசுறதே தனியா தெரியும். டிபேட் கப் வெச்சிருக்கிறவங்க நூறு பேர் வருவாங்க.

இன்டர்வியூல ஒரு பெயில் விண்ணப்பமோ தண்டனைய குறைக்கச் சொல்ற வாதமோ கொடுத்து பத்து பதினஞ்சு நிமிஷத்துல தயார் பண்ணச் சொல்வாங்க. அதோட நம்ம வீட்டு கல்யாணத்துல சித்தப்பா கேக்குற அதே கேள்வியையும் கேப்பாங்க: தப்பு பண்ணவன்னு தெரிஞ்சும் எப்படி அவனுக்கு வக்காலத்து வாங்குற? "எல்லாருக்கும் உரிமை இருக்கு"ன்னு பொதுவா சொல்லி நழுவாதீங்க, விதி என்னன்னு சொல்லுங்க. தப்பு பண்ணானா இல்லையான்னு முடிவு பண்றது ஜூரி, நான் இல்ல. ஆனா கட்சிக்காரர் "நான்தான் பண்ணேன்"னு என்கிட்டயே சொல்லிட்டார்னா, அவர் பண்ணலன்னோ வேற யாரோ பண்ணாங்கன்னோ நான் கோர்ட்ல சொல்ல முடியாது, அவரையும் சாட்சிக் கூண்டுல ஏத்தி பொய் சொல்ல வைக்க முடியாது. அரசு தரப்பு சாட்சியம் போதுமா, நம்பும்படியா இருக்கான்னு சோதிக்கலாம், அவ்வளவுதான். பொய்யத்தான் சொல்லுவேன்னு அவர் அடம் பிடிச்சா கேஸ்ல இருந்து விலகணும், ஏன் விலகுறேன்னு காரணமும் கோர்ட்டுக்கு சொல்லக்கூடாது. அதே மாதிரி கேப் ரேங்க் விதி, உங்க துறைல, உங்க அனுபவத்துக்கு ஏத்த கேஸ் வந்தா, நேரமும் இருந்தா, ஆள் பிடிக்கல குற்றம் அருவருப்பா இருக்குன்னு தள்ள முடியாது. சித்தப்பாவுக்கும் இதே பதில்தான், அவர் ஏத்துக்க மாட்டார், பரவால்ல.

பியூப்பிலேஜ் ஒரு வருஷம், ரெண்டு ஆறு மாசம். முதல் ஆறு மாசம் உங்க சூப்பர்வைசர் பின்னாடியே போறது, அவங்க பேப்பர படிக்கிறது, குறிப்பு எழுதுறது. சேம்பர்ஸ் உங்களுக்கு குறைந்தபட்ச தொகை தந்தாகணும், 2024-ல லண்டன்ல வருஷத்துக்கு 23,078 பவுண்டு, வெளியூர்ல 21,060. லண்டன் வாடகைக்கு அது எந்த மூலைக்குன்னு உங்களுக்கே தெரியும். இந்த ஆறு மாசத்துல நல்ல கேள்வி கேளுங்க, ஆனா கோர்ட் வாசல்ல வெச்சு கேக்காதீங்க, ரயில்ல திரும்பி வரும்போது கேளுங்க.

ரெண்டாவது ஆறு மாசம்: ஒரு நாள் எப்படிப் போகும்

சாயங்காலம் அஞ்சு ஆறு மணிக்கு கிளார்க்கிட்ட இருந்து மெயில் வரும், நாளைக்கு எந்த கோர்ட், எந்த கேஸ்னு. இந்த கிளார்க்க நம்ம ஊர் வக்கீல் குமாஸ்தா மாதிரி நினைச்சுடாதீங்க, உங்க டைரி, உங்க ஃபீஸ், உங்களுக்கு அடுத்த வாரம் வேலை இருக்கா இல்லையா எல்லாம் அவங்க கைல, மரியாதையா இருங்க, போன எடுங்க. பேப்பர் சில சமயம் ராத்திரியே வரும், சில சமயம் கோர்ட் வாசல்ல போய்தான் கிடைக்கும்.

ஒன்பது மணிக்கு கோர்ட்ல இருங்க. கேஸ கூப்பிடுற கோர்ட் ஊழியர், அஷர்கிட்ட பேர் கொடுங்க, அவரோட சிநேகம் வெச்சுக்கங்க, எந்த கேஸ எப்ப கூப்பிடுறதுங்கிறதுல அவருக்கு ஒரு கை இருக்கு. அப்புறம் நேரா கீழ செல்ஸ், காவல்ல இருக்கிறவங்கள அடைச்சு வெச்சிருக்கிற இடம். பெல்ல அடிச்சிட்டு நிக்கணும், சில நாள் அரை மணி நேரம் கூட. உள்ள இருக்கிறவர் ராத்திரி முழுக்க தூங்கியிருக்க மாட்டார், போதை இறங்கிக்கிட்டு இருக்கலாம், உங்களை போலீஸ்னு நினைச்சு கத்தலாம். முதல்ல உங்க பேர், நான் உங்க பக்கம், நீங்க சொல்றது வெளிய போகாது, இந்த மூணையும் சொல்லுங்க. அடுத்து டீ கொடுத்தாங்களா, மாத்திரை எதாவது எடுக்கிறீங்களா, வீட்டுல யாருக்கு சொல்லணும்னு கேளுங்க. கேஸ்க்கு அப்புறமா வாங்க. இத நான் கருணைக்காக மட்டும் சொல்லல, ஒரு மனுஷன் உங்களை நம்புறதுக்கு உங்களுக்கு இருக்கிறது இருபது நிமிஷம், அந்த இருபது நிமிஷத்துல கிடைக்கிற விலாசமும் அக்கா போன் நம்பரும்தான் மேல போய் பெயில் வாங்கித் தரும். மேடைப் பேச்சு நல்லா வரும்னு இந்த தொழிலுக்கு வர்றவங்க நிறைய, ஆனா ஜூனியருக்கு கேஸ் பாதி அந்த செல்லுக்குள்ளயே முடிஞ்சிடுது.

பேப்பர்ல முதல்ல கைல வர்றது எம்ஜி5, போலீஸ் எழுதுன சுருக்கம். அத வெச்சு ஆலோசனை சொல்லிடாதீங்க. "குற்றத்தை ஒப்புக்கொண்டார்"னு அதுல இருக்கும், போலீஸ் விசாரணைப் பதிவையோ போலீஸ்காரர் சட்டைல மாட்டியிருக்கிற கேமரா வீடியோவையோ பாத்தா "ஆமா நான் அங்க நின்னேன்"னு மட்டும்தான் சொல்லியிருப்பார். ரெண்டுக்கும் எவ்ளோ தூரம்! வீடியோ இருக்குன்னா கேளுங்க, தரலன்னா தரலங்கிறத கோர்ட்ல பதிவு பண்ணுங்க.

அதே நேரம் குற்றத்த ஒத்துக்கிறதா இருந்தா முதல் ஹியரிங்லயே ஒத்துக்கிட்டாதான் தண்டனைல மூணுல ஒரு பங்கு குறையும், தள்ளிப் போனா நாலுல ஒண்ணு, ட்ரயல் அன்னிக்கு காலைல ஒத்துக்கிட்டா பத்துல ஒண்ணுதான். இத கட்சிக்காரர்கிட்ட தெளிவா சொல்லணும், ஆனா தள்ளிவிடக் கூடாது, முடிவு அவருது. என்ன சொன்னீங்க, அவர் என்ன சொன்னார்னு எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. ஆறு மாசம் கழிச்சு "அந்த வக்கீல்தான் ஒத்துக்கச் சொன்னான்"னு வரும்போது அந்த ஒரு தாள்தான் உங்களுக்கு துணை.

பெயில்: 1976 பெயில் சட்டப்படி பெயில்ங்கிறது ஆரம்பமே உரிமைதான், மறுக்கணும்னா அரசு தரப்புதான் காரணம் காட்டணும். வரமாட்டார், மறுபடி குற்றம் பண்ணுவார், சாட்சிய மிரட்டுவார், வழக்கமா இந்த மூணுதான். புதுசா வர்றவங்க மூணுக்கும் பொதுவா அழகா பேசுவாங்க. அப்படி வேண்டாம், ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு நிபந்தனை எடுத்து நீட்டுங்க. ஓடிடுவார்னா பாஸ்போர்ட், போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்து. சாட்சின்னா அந்தத் தெருவுக்கே போகக்கூடாது, வேற ஊர்ல அக்கா வீட்டுல இருப்பார், விலாசம் இது, அக்கா பின்னாடி உக்காந்திருக்காங்க. ராத்திரில குற்றம்னா கர்ஃப்யூ, கால்ல டேக். அதுக்கெல்லாம் முன்னாடி இன்னொண்ண பாருங்க, குற்றம் நிரூபணம் ஆனாலும் ஜெயில் தண்டனை வர உண்மையான வாய்ப்பே இல்லன்னா பல கேஸ்ல பெயில மறுக்கிறதே கஷ்டம், அத சொல்லி ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம். முதல் தடவை மறுத்துட்டா அடுத்த ஹியரிங்ல இன்னொரு தடவை கேக்க உரிமை உண்டு, அப்புறம் க்ரவுன் கோர்ட்.

ட்ரயல்ல நிக்கும்போது

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல விக்கும் இல்ல கவுனும் இல்ல, எதிர்ல உக்காந்திருக்கிற மூணு பேர் சட்டம் படிக்காத, சம்பளம் வாங்காத பொதுமக்கள், பக்கத்துல சட்டம் சொல்ல ஒரு அட்வைசர். அவங்கள சார், மேடம். க்ரவுன் கோர்ட் ஜட்ஜ் யுவர் ஆனர், ஓல்ட் பெய்லில மை லார்ட், மை லேடி. "ஐ திங்க்"னு வாய தவறிக்கூட விடாதீங்க, உங்க அபிப்பிராயம் யாருக்கும் வேண்டாம், "ஐ சப்மிட்"னு சொல்லணும்.

குறுக்கு விசாரணைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், மத்தது நின்னு நின்னுதான் வரும். கேள்வி குட்டியா இருக்கட்டும், ஒரு கேள்வில ஒரு விஷயம். ஆள் அடையாளம் கேஸ்னு வெச்சுக்கங்க, சாட்சி உங்க கட்சிக்காரரைப் பாத்தேன்னு சொல்றார். "நீங்க தப்பா பாத்திருக்கலாம் இல்லையா"ன்னு கேட்டா "இல்ல, நல்லா தெரியும்"னு முடிஞ்சிடும். மணி பதினொண்ணு. தெரு விளக்கு மூலைல. நடுவுல வேன் நின்னுச்சு. அவர் தொப்பி போட்டிருந்தார். முன்னாடி அவரை பாத்ததே இல்ல. பாத்தது சில வினாடி. எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு பதில் வாங்கிட்டு உக்காந்துடுங்க. கடைசில "அப்போ எப்படி உறுதியா சொல்றீங்க"ன்னு ஒரு கேள்வி நாக்கு நுனில வரும், அத முழுங்கிடுங்க. அத, ஆள் அடையாள சாட்சியத்த ஜாக்கிரதையா பாக்கணும்னு 1976-ல வந்த டர்ன்புல் தீர்ப்போட சேர்த்து உங்க முடிவுரைல சொல்லிக்கலாம், சாட்சிக்கு அப்போ பதில் சொல்ல வாய்ப்பு இருக்காது.

விக், கவுன் எல்லாம் க்ரவுன் கோர்ட்டுக்கு. குதிரை முடில செஞ்ச விக் மட்டும் ஐநூறு பவுண்டுக்கு மேல ஆகும், இன்னுல உதவி கேளுங்க, செகண்ட் ஹேண்ட் கிடைச்சா தயங்காதீங்க, பழசாகி மஞ்சளடிச்ச விக்குக்குதான் ரோபிங் ரூம்ல (பாரிஸ்டருங்க கவுன் மாத்துற அறை) மவுசு. கவுன் வைக்கிற பை ஜூனியருக்கு நீலம், பெரிய கேஸ்ல நல்லா உழைச்சீங்கன்னு உங்க லீடர், அதாவது அந்த கேஸ நடத்துற சீனியர் பாரிஸ்டர், பரிசா தந்தாதான் சிவப்பு. பாரிஸ்டருங்க ஒருத்தருக்கொருத்தர் கை குலுக்க மாட்டாங்க, அது பழைய வழக்கம், யாராவது கைய நீட்டலன்னா கோவப்படாதீங்க.

நம்ம ஆளுங்க கேஸ் வந்தா

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், க்ராய்டன் பக்கம் இருக்கிற கோர்ட்டுகள்ல தமிழ் கட்சிக்காரர் வருவாங்க, தமிழ் தெரிஞ்ச வக்கீல்னு உங்களைத் தேடியும் வருவாங்க. தனியா பேசும்போது தமிழ்ல பேசுங்க, ஆனா கோர்ட்ல இன்டர்ப்ரெட்டர் வேலைய நீங்க பாக்காதீங்க, அது உங்க வேலை கிடையாது. இன்டர்ப்ரெட்டர் மெட்ராஸ்காரரா கட்சிக்காரர் யாழ்ப்பாணமான்னு பாத்துக்கங்க, ரெண்டு பேருக்கும் பேச்சு ஒத்துப்போகலன்னா ஆரம்பத்துலயே ஜட்ஜ்கிட்ட சொல்லிடணும். பெரிய தலைவலி குடும்பம். ஒரு பையன் கேஸுக்கு எட்டு பேர் வருவாங்க, கான்ஃபரன்ஸ் ரூம்ல பையன்கிட்ட கேள்வி கேட்டா மாமா பதில் சொல்வார், அம்மா அழுவாங்க. எல்லாரையும் வெளிய அனுப்புங்க. "மாமா, கொஞ்சம் வெளிய இருங்க, இவர்கிட்ட தனியா பேசணும், அது சட்டம்"னு மரியாதையா சொல்லுங்க, கோவிச்சுப்பாங்க, பரவால்ல. கதவு சாத்துனப்புறம் அந்தப் பையன் சொல்ற கதையே வேறயா இருக்கும்.

காச பத்தி வெளிப்படையா

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு போனா ஐம்பது, எழுபத்தஞ்சு, நாள் முழுக்க ட்ரயல்னா நூத்தம்பது பவுண்டுங்கிற அளவுலதான் பேச்சு, அதுல ரயில் டிக்கெட் உங்க காசு, சேம்பர்ஸுக்கு ஒரு சதவீதம், வரியும் நீங்கதான் கட்டணும். அதுவும் உடனே வராது, மாசக்கணக்குல இழுக்கும். 2022-ல பாரிஸ்டருங்க விக் கவுனோட கோர்ட் வாசல்ல நின்னு ஸ்ட்ரைக் பண்ணது இதுக்குத்தான், முதல் மூணு வருஷத்துல இருக்கிறவங்களுக்கு செலவு போக வருஷத்துக்கு சராசரி 12,200 பவுண்டுதான் நிக்குதுன்னு அப்போ கிரிமினல் பார் அசோசியேஷன் கணக்கு சொன்னாங்க. அக்டோபர்ல 15 சதவீத உயர்வோட முடிஞ்சுது. இன்னொரு பக்கம் க்ரவுன் கோர்ட்ல தேங்கிக் கிடக்கிற கேஸ் 2019 கடைசில 38,000 பக்கம் இருந்தது 2025-ல 76,000 தாண்டிடுச்சு, அதாவது வேலைக்குப் பஞ்சம் இல்ல, ஆனா நீங்க இப்ப தயார் பண்ற ட்ரயல் ரெண்டு வருஷம் தள்ளிப் போகலாம், முக்கியமான காசும் அப்பதான்.

அதனால வர்ற ஒவ்வொரு தொகைலயும் கால் பங்க வேற அக்கவுண்ட்ல போட்டு மறந்துடுங்க, ஜனவரி 31-க்கு வரி கட்டணும். எந்த கேஸ், எந்த தேதி, எவ்ளோ பாக்கின்னு ஒரு எக்செல் வெச்சு மாசம் ஒருக்கா கிளார்க்கிட்ட கேளுங்க, கேக்காத காசு வராது. போறதுக்கு முன்னாடியே லீகல் எய்டு ஆர்டர் வந்தாச்சான்னு சொலிசிட்டர்கிட்ட உறுதி பண்ணிடுங்க. சில சேம்பர்ஸ்ல அரசு தரப்பு (ப்ராசிக்யூஷன்) வேலையும் கலந்து கிடைக்கும், டிஃபென்ஸ் மட்டும்தான்னு கொள்கை இருக்கிறவங்களுக்கு அது ஒத்துவராது, எனக்கு அதுல தப்பு தெரியல, எதிர் டேபிள்ல உக்காந்து பாத்தாதான் அந்தப் பக்கம் ஃபைல் எவ்ளோ ஓட்டையா வருதுன்னு புரியும்.

வருஷம் முடிஞ்சதும் சேம்பர்ஸ் ஓட்டுப் போட்டு டெனன்சி, அதாவது அங்க நிரந்தர இடம் தருவாங்க, இல்ல தர மாட்டாங்க. தரலன்னா மூணாவது ஆறு மாசம்னு வேற சேம்பர்ஸ்ல போடலாம், நல்ல பேர் எடுத்த நிறைய பேர் அந்த வழியா வந்தவங்கதான்.

ஊர்ல ஏற்கெனவே வக்கீலா இருக்கிறவங்க

நீங்க முதல்ல இருந்து எல்லாம் படிக்க வேண்டியதில்ல. பாரிஸ்டருங்கள ஒழுங்குபடுத்துற பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டுக்கு வெளிநாட்டு வக்கீல்னு விண்ணப்பிச்சா, உங்க படிப்பையும் அனுபவத்தையும் பாத்து எதுல விலக்குன்னு சொல்வாங்க, பெரும்பாலும் பார் டிரான்ஸ்ஃபர் டெஸ்ட் எழுதச் சொல்வாங்க, பியூப்பிலேஜ்ல முழுசாவோ பாதியோ விலக்கு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விண்ணப்பத்துக்கு ஊர்ல உங்க பார் கவுன்சில்ல இருந்து நன்னடத்தை சான்றிதழ், நீங்க நடத்துன கேஸ்களோட விவரம், சீனியர் கடிதம் எல்லாம் தேவைப்படும், ஊரை விட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கங்க, இங்க வந்து உக்காந்துகிட்டு ஹைகோர்ட் வளாகத்துல யாரையாவது ஓட விடுறது ரொம்ப கஷ்டம். விசா தனி. பியூப்பிலேஜ் தர்ற சேம்பர்ஸால ஸ்பான்சர் பண்ண முடியுமான்னு விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. ட்ரயல் அனுபவம் உங்களுக்கு இங்க இருக்கிற பசங்கள விட அதிகமாவே இருக்கும், அத தைரியமா எழுதுங்க, செஷன்ஸ் கோர்ட்ல சாட்சிய குறுக்கு விசாரணை பண்ணியிருந்தா என்ன கேஸ், நீங்களே பண்ணதா சீனியர் பண்ணதா, என்ன முடிவுன்னு நாலு வரில தெளிவா போடுங்க, "பல வழக்குகளில் ஆஜரானேன்"னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க.